பல் சுத்தம் செய்த பின் வரும் கூச்சமும் ஈறு நோவும்

(தோட்டக் கிளையின் மாதக் கூட்டத்தில் செயற்குழுவின் சார்பாக ஆற்றிய உரை)

 

சம்பளத்தைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் பேச வேண்டிய மேடையில் பல்லைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கிறவர்கள் பல் தெரியச் சிரிக்கட்டும். யார் யார் பல்லில் காரை ஏறியிருக்கிறது என்று இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறோம்.

விஷயத்துக்கு வருவோம். மூன்று மாதங்களுக்கு முன் நம் கிளை ஒரு நல்ல காரியம் செய்தது. பட்டணத்து அரசாங்கப் பல் மருந்தகத்துக்குக் கடிதம் எழுதி, ஒரு நாளை ஒதுக்கி வாங்கி, வேன் பிடித்து, 22 பேரை அழைத்துக்கொண்டு போனோம். எல்லாருக்கும் பல் சோதனை நடந்தது. பெரும்பாலோருக்குப் பல் சுத்தமும் செய்தார்கள். ஈறு மோசமாக இருந்தவர்களுக்கும், காரையை ஒரே நாளில் எடுத்து முடிக்க இயலாதவர்களுக்கும் ஆறு வாரம் கழித்து இரண்டாவது தேதி கொடுத்தார்கள். அப்படித் தேதி வாங்கியவர்கள் 15 பேர். அந்த நாளும் வந்தது. வேனும் வந்தது. ஏறியவர்கள் நான்கே பேர்! மருந்தகத்தில் தாதி பெயர்களைக் கூப்பிடக் கூப்பிட, “வரவில்லை, வரவில்லை” என்று பதில் சொல்லிக்கொண்டு நின்றது செயற்குழுதான்.

கோபித்துக்கொண்டு பயனில்லை. லயம் லயமாகப் போய், “ஏன் வரவில்லை?” என்று கேட்டோம். கேட்டதில் கிடைத்த பதில்களே இன்றையப் பேச்சு.

ஓர் அண்ணன் சொன்னார்: “தம்பி, போகும்போது என் பல் நன்றாகத்தான் இருந்தது. வந்த பிறகு பச்சைத் தண்ணீர் குடிக்க முடியவில்லை. விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் போகும்போது காற்றுப் பட்டாலே மண்டை வரைக்கும் சுண்டி இழுக்கிறது. இருந்த பல்லையும் கெடுத்துவிட்டார்கள்.” ஒரு பெரியம்மா சொன்னார்: “பல்லுக்கு நடுவில் சந்து போட்டுவிட்டார்கள் ஐயா. நாக்கை வைத்தால் தெரிகிறது. கீழ்ப்பல் இரண்டும் ஆடுகிறது.” இன்னோர் அக்காவைப் பற்றிப் பிறகு சொல்கிறோம். அது எங்களைச் சேர்ந்த குற்றம். அதற்குத் தனி இடம் வேண்டும்.

இவர்கள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. கூச்சம் வந்தது உண்மை. ஈறு நொந்தது உண்மை. சந்து தெரிந்ததும் உண்மை. ஆனால் அந்த நோவு எதனால் வருகிறது, எத்தனை நாள் இருக்கும், அந்த நாட்களில் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் இவர்களுக்குச் சொல்லவில்லை. மருந்தகத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். அது மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. வேனில் திரும்பி வரும்போது அதைப் படித்துச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் கிராணிமார்களாகிய நாங்கள். நாங்களோ தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டோம். அந்தக் கடனைத்தான் இன்று அடைக்கிறோம்.

முதலில் காரை என்பது என்ன? சாப்பிட்ட பின் பல்லின்மேல் வழவழப்பாக ஒரு படலம் ஏறுகிறது. அதில் கோடிக்கணக்கான கிருமிகள் குடியிருக்கின்றன. அதைத் தினமும் தேய்த்து எடுத்துவிட்டால் தொல்லை இல்லை. விட்டுவிட்டால், எச்சிலில் உள்ள உப்புச் சத்து அதில் சேர்ந்து ஒன்றிரண்டு நாளிலேயே இறுகத் தொடங்கும். நாளாக ஆகக் கல்லாகிவிடும். கீழ் முன்பற்களின் உட்புறத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று சிமெண்டு பூசியதுபோல் இருந்தால் அதுதான் காரை. கல்லான பிறகு தூரிகையால் எடுக்க முடியாது. அது ஈறுக்கு அடியிலும் இறங்கும். ஈறு சிவக்கும், வீங்கும், பல் விளக்கினால் இரத்தம் வரும். “எனக்கு எப்போதுமே இரத்தம் வரும், அது என் உடம்பு வாகு” என்று சிலர் சொல்கிறார்கள். அப்படி ஒரு வாகு கிடையாது. நல்ல ஈறு பல் விளக்கினால் இரத்தம் விடாது.

இனி, காரையை எடுத்ததும் ஏன் கூசுகிறது? இதைப் பால் வெட்டுகிறவர்களுக்கு விளக்குவது சுலபம். எங்களுக்குத்தான் மருத்துவர் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. ரப்பர் மரத்தில் பால் எங்கே இருக்கிறது? பட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குழாய்களில் இருக்கிறது. உளி பட்டதும் அந்தக் குழாய்களின் வாய் திறக்கிறது. பால் ஓடி மங்கில் விழுகிறது. சில மணி நேரத்தில் வெட்டின் வாயிலேயே பால் உறைந்து குழாயை அடைத்துக்கொள்கிறது, ஒழுக்கு நிற்கிறது.

பல்லும் ஏறக்குறைய அப்படித்தான். பல்லின் மேலே வெள்ளையாகத் தெரிவது எனாமல் என்ற கெட்டி ஓடு. அதற்குள்ளே பல்லெலும்பு. அந்தப் பல்லெலும்பு முழுவதும் நுண்ணிய குழாய்கள், குழாய்களில் ஒருவகை நீர், அடியில் நரம்பு. ஈறுக்குக் கீழே வேர்ப் பகுதியில் எனாமல் ஓடு கிடையாது. பல ஆண்டுகளாக ஈறு நோயால் கீழே இறங்கிப் போயிருக்கும். அந்த இடத்தைக் காரை மூடிக்கொண்டிருக்கும். கெட்ட கூரைதான், என்றாலும் கூரை. காரையை எடுத்ததும் வேர் வெளியே தெரிகிறது. குழாய்களின் வாய் திறக்கிறது. குளிர்ந்த தண்ணீரோ விடியற்காலைக் காற்றோ பட்டால் குழாய்க்குள் இருக்கும் நீர் அசைகிறது; அந்த அசைவு நரம்பைத் தொடுகிறது. மண்டை வரை சுண்டி இழுப்பது இதுதான். பல் வெட்டுப்படவுமில்லை, தேயவுமில்லை. மூடியிருந்த இடம் திறந்திருக்கிறது, அவ்வளவே. வெட்டின் வாயில் பால் உறைவதுபோல, எச்சிலில் உள்ள உப்புச் சத்தும் பற்பசையில் உள்ள மருந்தும் சேர்ந்து அந்தக் குழாய் வாய்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவிடும்.

பெரியம்மா சொன்ன சந்தும் இப்படிப்பட்டதே. சந்து முன்பே இருந்தது; அதில் காரை அடைந்திருந்தது. வீங்கியிருந்த ஈறு நோய் தீர்ந்து வற்றும்போது சந்து இன்னும் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். பல் ஆடுவதும் சுத்தம் செய்ததால் அல்ல. ஈறு நோய் பல்லைத் தாங்கும் எலும்பை உள்ளுக்குள்ளேயே தின்றிருக்கிறது. பக்கத்துப் பல்லோடு சேர்த்து ஒட்டிக்கொண்டிருந்த கல்லை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது. எடுக்காமல் விட்டிருந்தால் இன்னும் சில ஆண்டுகளில் பல் தானாகவே கையில் வந்திருக்கும். பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது, “அப்படியானால் கல்லோடு விழுந்திருக்கட்டுமே, நோவாமல் விழுந்திருக்கும்” என்றார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. இருந்தாலும் இரண்டாம் முறை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

எத்தனை நாள் இருக்கும்? சாதாரணமாகச் சுத்தம் செய்தவர்களுக்கு ஈறு நோவு இரண்டு மூன்று நாளில் அடங்கும். முதல் ஓரிரு நாள் பல் விளக்கும்போது கொஞ்சம் இரத்தம் கலந்து வரலாம். கூச்சம் ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரம். ஈறுக்கு அடியில் ஆழமாகச் சுரண்டிச் சுத்தம் செய்தவர்களுக்குச் சில வாரங்கள் வரை போகலாம். நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வருகிறதா என்பதே கவனிக்க வேண்டியது.

அந்த நாட்களை எப்படிக் கழிப்பது? மருந்தகத்துத் தாளில் இருந்ததையும், நாங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், நம் வேலைக்கும் சாப்பாட்டுக்கும் பொருத்திச் சொல்கிறோம்.

ஆழமாகச் சுத்தம் செய்வதற்காக மரத்துப்போக ஊசி போட்டிருந்தால், மரப்பு விடும் வரை எதையும் மெல்லக்கூடாது. சூடான எதையும் குடிக்கக்கூடாது. இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். கன்னத்தையும் உதட்டையும் கடித்துக்கொண்டு, “ஊசியால் வாயில் புண் வந்தது” என்று சொன்னவர்கள் நம்மில் இருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு உப்புத் தண்ணீர். ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு. கூடுதலாகப் போட்டால் புண் எரியும், குணம் கூடாது. வாயில் அரை நிமிடம் வைத்து மெதுவாக அலசித் துப்ப வேண்டும், விழுங்க வேண்டாம். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, இரண்டு மூன்று நாள். நிரையில் நிற்கிறவர்கள் வீட்டிலேயே கரைத்து ஒரு போத்தலில் கொண்டுபோகலாம். பால் எடுப்பதற்கு முன் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் நேரம் அதற்குப் போதும்.

காலைக் காற்றுக்கு ஒரு வழி. நெற்றி விளக்கைக் கட்டும்போதே ஒரு துண்டை வாயையும் கன்னத்தையும் மறைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். கேட்டால் சின்ன விஷயமாகத் தோன்றும். அந்த அண்ணன் சொன்ன “மண்டை வரைக்கும்” என்பது அதனால் பாதி குறைந்தது என்று அவரே பிறகு சொன்னார்.

கோப்பி-ஓ பழக்கத்தை விடச் சொல்லவில்லை, விடவும் மாட்டீர்கள். கொதிக்கக் கொதிக்கக் குடிக்காமல் ஆற்றிக் குடியுங்கள். வேலை முடிந்து வந்து ஐஸ் கட்டி போட்ட சீராப்புத் தண்ணீரை மடமடவென்று ஊற்றிக்கொள்வதை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். கஞ்சி, இட்டலி, குழைந்த சோறு, பருப்பு, அவித்த முட்டை, மீன் எல்லாம் சாப்பிடலாம். முறுக்கு, வறுத்த கடலை, கருவாட்டு முள் ஆகியவை நொந்த ஈறில் குத்தும். புளிப்பு கூச்சத்தைக் கூட்டும்: மாங்காய், எலுமிச்சை, அசாம் போய், போத்தல் பானங்கள். புளிப்புத் தின்றுவிட்டால் பச்சைத் தண்ணீரில் வாயை அலசிவிட்டு, அரை மணி நேரம் கழித்துப் பல் விளக்குங்கள். புளிப்பு பட்டவுடன் பல்லின் மேற்பரப்பு சற்று இளகியிருக்கும். அப்போது தேய்த்தால் தேயும்.

இப்போது மிக முக்கியமான விஷயம். வலிக்கிறது என்று பல் விளக்குவதை நிறுத்தக்கூடாது. பிறகு சொல்கிறோம் என்றோமே, அந்த அக்கா செய்தது இதுதான். ஈறு நொந்ததும் பயந்துபோய் ஒரு வாரம் தூரிகையைத் தொடவில்லை. வெறும் தண்ணீரால் வாய் கொப்பளித்துவிட்டு வேலைக்குப் போனார். சுத்தம் செய்த பல்லில் அதே படலம் மறுபடி ஏறியது. புண்ணான ஈறில் கிருமி சேர்ந்தது. எட்டாம் நாள் ஒரு பக்கக் கன்னம் வீங்கியது. “சுத்தம் செய்ததால் வந்த வீக்கம்” என்று லயம் முழுவதும் பேச்சு. உண்மையில் அது சுத்தம் செய்யாததால் வந்த வீக்கம்.

ஆகவே அன்று இரவே மெதுவாக விளக்குங்கள். மென்மையான நார் உள்ள தூரிகை வேண்டும். அட்டையில் ‘சோஃப்ட்’ என்றோ ‘லெம்புட்’ என்றோ போட்டிருக்கும். நார் விரிந்துபோன பழைய தூரிகையை எறிந்துவிடுங்கள். தூரிகையை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்துப் பிடித்து, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். குறுக்கே இழுத்து அரம் போடுவதுபோல் தேய்ப்பதுதான் நம் வழக்கம்; ஈறு இறங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். உளியை அழுத்திப் போட்டால் மரத்துக்குக் காயம், பட்டை மறுபடி சரியாக வளராது என்று புது ஆளுக்குப் பாடம் சொல்கிற கைகளே வீட்டில் பல்லை அழுத்தித் தேய்க்கின்றன! பட்டையாவது நல்ல வெட்டுக்குப் பின் வளரும். இறங்கிய ஈறு தானாக மேலே ஏறாது.

கூச்சத்துக்கென்றே தனியாகப் பற்பசை விற்கிறது. ஒருவகைப் பசையில் உள்ள பொட்டாசியம் நைட்ரேட் நரம்பை அமைதிப்படுத்தும். வேறுவகைப் பசையில் உள்ள மருந்து அந்தக் குழாய் வாய்களை அடைக்கும். சாதாரணப் பசையைவிட விலை கூட. வாங்க முடிந்தவர்கள் வாங்குங்கள். ஆனால் இரண்டு நாள் தேய்த்துவிட்டு, “ஒன்றும் கேட்கவில்லை” என்று ஒதுக்கி வைக்காதீர்கள். காலையும் இரவும் விடாமல் இரண்டு மூன்று வாரம் தேய்த்தால்தான் பலன் தெரியும். விளக்கிய பின் நுரையைத் துப்பினால் போதும். செம்பு செம்பாகத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் மருந்தும் கூடவே போய்விடும். இரவு படுக்கும்போது கூசும் இடத்தில் விரலால் கொஞ்சம் தடவிவிட்டுப் படுக்கலாம். வாங்க முடியாதவர்கள் ஃபுளோரைடு சேர்ந்த சாதாரணப் பசையையே இப்படிப் பயன்படுத்தலாம். அதுவும் பல்லை உறுதிப்படுத்தும். விடியற்காலை அவசரத்தில் காலை விளக்கலை விட்டாலும் இரவு விளக்கலை விடாதீர்கள்.

வலி அதிகமாக இருந்தால் பெனடோல் என்று நாம் சொல்லும் பாராசிட்டமோல் போதும். 500 மில்லிகிராம் மாத்திரை பெரியவர்களுக்கு ஒன்று அல்லது இரண்டு; அடுத்த வேளைக்கு ஆறு மணி நேர இடைவெளி; ஒரு நாளைக்கு 8 மாத்திரைக்கு மேல் கூடவே கூடாது. குடிப்பழக்கம் உள்ளவர்களும் ஈரல் நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். மாத்திரையை விழுங்கத்தான் வேண்டும். ஆஸ்பிரினைப் பொடி செய்து ஈறில் அப்பிக்கொண்ட ஒருவரை நாமறிவோம். ஈறு வெந்து வெள்ளையாக உரிந்துவிட்டது.

அப்பிக்கொள்கிற மற்றவற்றையும் சொல்லிவிடுவோம். கிராம்பு எண்ணெயை அப்படியே ஊற்றினால் புண்ணான ஈறு பொசுங்கும். அடுப்புக் கரி, சாம்பல், செங்கல் தூள், தூள் உப்பு ஆகிய எதுவும் தேய்க்க வேண்டாம். அரம் அரம்தான், நம் பாட்டன் கொடுத்த அரமாக இருந்தாலும். சம்சுவை வாயில் வைத்திருந்தால் கிருமி சாகும் என்பார் ஒருவர். வாயில் வைத்ததை அவர் துப்பியதை நாங்கள் பார்த்ததில்லை. மருந்தகத்தில் வாய் அலசும் மருந்து கொடுத்திருந்தால் சொன்ன நாட்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். குளோர்ஹெக்சிடின் என்ற அந்த மருந்தை நெடுநாள் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை ஏறும். கோப்பியும் வெற்றிலையும் சேர்ந்தால் கறை இன்னும் கூடும். பல் விளக்கிய உடனே அதைப் பயன்படுத்தாமல் அரை மணி நேரம் விட வேண்டும்.

வெற்றிலை, பாக்கு, புகையிலை. இங்கே தாய்மார்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வது தெரிகிறது. சுண்ணாம்பும் புகையிலையும் நொந்த ஈறைக் கடித்துத் தின்னும். சிகரெட்டும் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். இந்த இரண்டு வாரமாவது விட்டுப் பாருங்கள். அதோடு, பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் என்பது ஐயத்துக்கு இடமில்லாதது. நம் நாட்டில் அந்நோய் இந்தியப் பெண்களை அதிகம் தாக்குகிறது. தோட்டங்களில் வாய்ச் சோதனை நடத்துவதற்குக் காரணமே அதுதான். வாயில் வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ இருந்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். இதற்கு இன்னொரு நாள் தனியாகப் பேச வேண்டும்.

இதுவரை சொன்னது தானாகவே குறையும் நோவு. குறையாத நோவும் உண்டு. அதைப் பொறுத்துக்கொண்டு உட்காரக்கூடாது. குளிர் பட்டால் சுண்டி, குளிர் போனதும் நின்றுவிட்டால் அது கூச்சம். குளிர் போன பிறகும் நெடுநேரம் நிற்காமல் வலித்தாலோ, இரவில் தூங்கவிடாமல் விண் விண் என்று தெறித்தாலோ, ஒரே பல்லில் கடித்தால் குத்தினாலோ அந்தப் பல்லின் நரம்பு கெட்டிருக்கலாம். ஈறை அழுத்தினால் சீழ் வருவது, கன்னம் வீங்குவது, காய்ச்சல், மறுநாளும் நில்லாத இரத்தம் ஆகியவற்றுக்குத் தேதி வரை காத்திராமல் அன்றே போக வேண்டும். இரத்தம் கசிந்தால் சுத்தமான துணியை மடித்து 20 நிமிடம் கடித்து அழுத்திப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் புறப்படுங்கள். வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்க முடியாமல், மூச்சுவிடச் சிரமமாக இருந்தால் பல் மருந்தகத்துக்கு அல்ல, நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு ஈறு நோய் சீக்கிரம் வரும், புண் மெதுவாக ஆறும். ஈறு கெட்டிருந்தால் இரத்தத்தில் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும், இதய வால்வு சிகிச்சை செய்துகொண்டவர்களும் நாற்காலியில் உட்காரும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். தாங்களாக மருந்தை நிறுத்திவிட்டும் போகக்கூடாது. கர்ப்பமாக உள்ள பெண்கள் பல் சுத்தம் செய்துகொள்ளலாம். கர்ப்பம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இனி எங்கள் குற்றத்துக்கு வருவோம்.

கன்னம் வீங்கிய அந்த அக்கா பட்டணத்துக்குப் போனார். பல் மருத்துவர் சீழை எடுத்து, மருந்து கொடுத்து, இரண்டு நாள் மருத்துவ விடுப்புச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். சீட்டு மறுநாளே அலுவலகத்துக்கு வந்தது. “பல் டாக்டர் சீட்டு செல்லாது, பொது டாக்டர் சீட்டுத்தான் செல்லும்” என்று மேலே இருந்து வாய்மொழியாகச் சொன்னார்கள். நாங்கள் செக்ரோலில் இரண்டு நாளும் வேலைக்கு வரவில்லை என்று குறித்தோம். பேனா எங்கள் பேனா. சட்டப் புத்தகம் எங்கள் அலமாரியிலேயே இருந்தது, எடுத்துப் பார்க்கவில்லை. அந்த அக்கா கேட்கவுமில்லை. “பல் கழுவப் போய் இரண்டு நாள் சம்பளம் போச்சு” என்று வீட்டில் சொன்னதோடு சரி. அது லயத்தில் பரவியது. வேன் காலியாகப் போனதற்குப் பல் கூச்சம் பாதிக் காரணம் என்றால், இது மீதிப் பாதி.

தீபகற்ப மலேசியாவில் நமக்குரிய 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவு, பல் மருத்துவர் சோதித்துக் கொடுக்கும் சான்றையும் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்புக்கு ஏற்றுக்கொள்கிறது. வேலைக்குச் சேர்ந்து 2 ஆண்டுக்குள் இருப்பவர்களுக்கு ஓர் ஆண்டில் 14 நாள். 2 முதல் 5 ஆண்டு வரை 18 நாள். 5 ஆண்டுக்கு மேல் 22 நாள். பல்லுக்கு எடுக்கும் விடுப்பும் இந்தக் கணக்குக்குள்தான் வரும். தனிக் கணக்கு அல்ல. ஒன்றை மறக்கக்கூடாது. விடுப்புத் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளித் தரப்புக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கவே இல்லை என்றால் சீட்டு இருந்தும் அனுமதியின்றி வராதவராகக் கருதப்படுவார். கைத்தொலைபேசியில் சீட்டைப் படம் பிடித்து மண்டோருக்கோ அலுவலகத்துக்கோ உடனே அனுப்பிவிடுங்கள். தாளையும் பத்திரமாக வையுங்கள்.

இதில் நாமும் நேர்மையாக இருக்க வேண்டும். மருந்தகத்துக்கு வந்து போனதற்குக் கொடுக்கும் நேரச் சீட்டு வேறு, வேலை செய்ய இயலாது என்று மருத்துவர் எழுதும் விடுப்புச் சீட்டு வேறு. வெறும் கூச்சத்துக்கு விடுப்புக் கிடைக்காது, கேட்கவும் வேண்டாம். இது தெரியாமல் நேரச் சீட்டை நீட்டிச் சண்டை போட்டவர்களும் உண்டு. அந்தச் சண்டையில் கிளை அவர்கள் பக்கம் நிற்க முடியவில்லை.

அக்காவின் வழக்கைக் கிளை எழுத்தில் கொண்டுபோனது. சட்டப் பிரிவை எடுத்துக்காட்டியதும் இரண்டு நாள் சம்பளம் அடுத்த மாதச் சம்பளத்தில் சேர்ந்து வந்தது. அந்த வரியைச் செக்ரோலில் திருத்தியபோது எங்கள் கை கூசியது. அதற்குப் பற்பசை கிடையாது.

இரண்டாம் தேதி ஏன் அவசியம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். முதல் முறை ஈறு வீங்கியிருக்கும். இரத்தத்தில் அடியில் உள்ள கல் சரியாகத் தெரியாது. மேலே உள்ளதை எடுத்தால் வீக்கம் வற்றும். ஈறு வற்றிய பிறகே அடிக்கல்லை முழுதாக எடுக்க இயலும். முதலாவதோடு நின்றால் வெட்டுப் போட்டுவிட்டு மங்கு வைக்காமல் வருவதுபோல்தான். நோவுப் பங்கை அனுபவித்தாயிற்று. பலனை எடுக்காமல் விடுவானேன்? இரண்டாம் முறை போன நால்வரும் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் ஈறில் இப்போது இரத்தம் வருவதில்லை, கேட்டுப் பாருங்கள்.

நம் தமிழ்ப் பள்ளிகளில் படித்தவர்களுக்குப் ‘பல் மிசி’யை நினைவிருக்கும். பினாங்கில் 1949ஆம் ஆண்டு தொடங்கிய பயிற்சிப் பள்ளியில் பயின்று பள்ளி பள்ளியாக வந்தவர்கள் அவர்கள். வெள்ளை வேன் வாசலில் நின்றால் நாமெல்லாம் கழிப்பறைக்குப் பின்னால் ஒளிவோம். நாற்பது வயதிலும் ஒளிகிற பழக்கம் சிலருக்குப் போகவில்லை.

மருந்தகத்துக்கு மறுபடி கடிதம் எழுதினோம். வராத 11 பேருக்கும் புதிய தேதி கொடுத்திருக்கிறார்கள்: அடுத்த மாதம் இரண்டாவது புதன்கிழமை. வேன் காலை பத்தரை மணிக்குப் பெரட்டுக் களத்துக்கு வரும். அன்று முன் நிரைகளில் வெட்டுகிறவர்களின் பாலை முதலில் நிறுக்க ஸ்டோர் கிராணி ஒப்புக்கொண்டிருக்கிறார். அடையாள அட்டை, பழைய தேதிச் சீட்டு, சாப்பிடுகிற மருந்துகளின் உறை ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். வெறும் வயிற்றோடு வர வேண்டாம். சாப்பிட்டுவிட்டுப் பல் விளக்கிவிட்டு வாருங்கள். திரும்பி வரும்போது கொடுக்கிற தாளை வேனிலேயே தமிழில் படித்துச் சொல்வோம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் இந்த மேசைக்கு வரலாம். பெரியம்மா பெயரை முதலிலேயே எழுதிவிட்டோம்.